இணைப்பை மூடும்போது வரும் பிழை



பிறையிலிருந்து பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் இறங்கினால் கெலுகோர். பழைய மின்டன் இராணுவ முகாம் இருந்த இடத்தில், 1971 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. தோட்டத்திலிருந்து அங்கே போய்க் கணினி படிக்கும் பிள்ளை, விடுமுறையில் வீட்டுக்கு வந்து, "கனெக்‌ஷன் மூடவில்லை" என்று தலையைச் சொறிந்தால், என்னவென்று கேட்கத் தயங்க வேண்டாம். நம்முடைய சம்பளத்தையும் சேமநிதியையும் தொடுகிற சங்கதி அது.

இந்தக் கணக்குகள் எல்லாம் இன்று டேட்டாபேஸ் என்னும் தகவல் களஞ்சியத்தில் இருக்கின்றன. கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளை நிரல் என்கிறோம். களஞ்சியத்தோடு பேச நிரலுக்கு ஓர் இணைப்பு வேண்டும். இணைப்புகள் அளவோடுதான் உண்டு. ஆகவே சிலவற்றைப் பொதுவில் வைத்து, எடுப்பதும் திருப்பித் தருவதுமாக நிரல் பயன்படுத்துகிறது.

தோட்டத்து ஸ்டோரில் பத்து வாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் குழாயில் தண்ணீர் இல்லை. "கழுவ முடியவில்லையே" என்று ஒருவர் வாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார். அவரைப் போலவே மற்றவர்களும் போனால், மறுநாள் பால் வெட்டப் போகிறவருக்கு வாளி ஏது?

இது வெறும் கதையன்று. அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் இதுவே நடந்தது. மைக்கேல் நைகார்ட் என்பவர் ஆராய்ந்து, நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், 2007இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அன்றிரவு பொறியாளர்கள் களஞ்சியத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பழைய இணைப்புகள் செத்துப் போயின. நிரல் முதலில் தன் கேள்வியை மூட முயன்றது. அதில் பிழை வந்தது. அடுத்த வரியில்தான் இணைப்பை மூடும் கட்டளை இருந்தது. பிழை வந்ததால் அந்த வரிக்கு நிரல் போகவே இல்லை. ஒவ்வொன்றாக இணைப்புகள் தீர்ந்து, பயணிகள் பதிவு செய்யும் இயந்திரங்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. மூடும் கட்டளையே பிழை தரக்கூடும் என்று எழுதியவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

2011இல் வந்த ஜாவா 7 இதற்கு வழி செய்தது. ஒன்றை மூடுவதில் பிழை வந்தாலும் மற்றதை அது மூடிவிடும். வேலையின் நடுவே வந்த முதற்பிழையையும், மூடும்போது வந்த பிழை மறைத்துவிடாது. பழைய முறையில் உண்மையான காரணம் காணாமற்போய், ஆட்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. மூடுவது வேறு, எழுதியதை உறுதிசெய்வது வேறு. சம்பளப் பதிவை உறுதிசெய்த பிறகு மூடுவதில் பிழை வந்தால், பதிவுக்கு ஆபத்தில்லை. பிழையைக் குறித்து வைத்தால் போதும். அதைக் கண்டு நிரல் மிரண்டு, மறுபடியும் பதிந்தால் ஒரு சம்பளம் இரண்டாகும். பிறகு பிடித்தம் செய்வது யாரிடம் என்று சொல்லவும் வேண்டுமா? உறுதிசெய்யாமலே மூடினாலோ, எழுதியது நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அடுத்த விடுமுறையில் பிள்ளை வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: "கழுவ முடியாத வாளியை உன் நிரல் திருப்பிக் கொடுக்குமா?"