அது வேறே, இது வேறே!

எங்கள் எதிர் வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். நல்ல மனுஷி. அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில், உக்கிராண அறையின் சாவிக்கொத்து மாமியாரின் இடுப்பிலேயே தொங்கிக் கொண்டிருக்குமாம். ஒரு கரண்டி காப்பிப் பொடி வேண்டுமானாலும் கேட்டு நிற்க வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தால் மாமியார் பிரித்துப் படித்த பிறகுதான் கைக்கு வரும். "எனக்கும் ஒரு காலம் வரட்டும். இந்த வீட்டில் பூட்டு என்ற பேச்சே இருக்காது!" என்று இருபது வயதில் கிணற்றடியில் நின்று சபதம் செய்தாராம். இதை அவரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

காலம் வந்தது. இன்று அவரே மாமியார். உக்கிராண அறைக்குப் பூட்டு இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மருமகளின் கைப்பேசி மணி அடித்தால், "யாரது, இந்த வேளையில்?" என்று கூடத்திலிருந்து குரல் வந்துவிடுகிறது. பேசி முடித்த பிறகு விவரமும் சொல்லியாக வேண்டும்.

"மாமி, உங்கள் கடிதத்தைப் பிரித்த கதைதானே இதுவும்?" என்று ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"அது எப்படி? அது வேறே, இது வேறே. அவர் அதிகாரம் பண்ணினார். நான் அவள் நல்லதுக்குச் சொல்கிறேன்!" என்றார் மாமி.

நேயர்களே, மாமியார் மருமகள் விவகாரத்தைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. எழுத வந்தது அரசியல். எதிர்க்கட்சி மேடையில் "சுதந்திரம்! சுதந்திரம்!" என்று தொண்டை கிழிய முழங்குகிறவர்கள், நாற்காலி கிடைத்ததும் நம் வாய்க்குப் பூட்டுப் போடப் பார்க்கிறார்களே, அது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பழைய சரித்திரத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் மாமியின் குரல்தான் கேட்டது: "அது வேறே, இது வேறே!"

சட்டம் ஒன்று, சர்க்கார் இரண்டு

1932-ஆம் வருஷம். கள்ளுக்கடை முன்னாலும் அந்நியத் துணிக்கடை முன்னாலும் காங்கிரஸ் தொண்டர்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை வாசற்படி தாண்டாத பெண்கள்கூடத் தெருவில் வந்து நின்றார்கள். இதை அடக்க வெள்ளைக்கார சர்க்கார் குற்றச் சட்டத் திருத்தச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அதன் 7-வது பிரிவின்படி, ஒருவர் வீட்டு வாசலிலோ கடை வாசலிலோ மறியல் செய்தால் ஜெயில்தான். அடக்குமுறைச் சட்டம் என்று காங்கிரஸ் இதைக் கண்டித்தது. நியாயமான கண்டனம்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரி சபை அமைந்தது. ராஜாஜி பிரதம மந்திரியானார். அவர் 1921-லேயே வேலூர் ஜெயிலைப் பார்த்தவர். 1930-ல் வேதாரண்யத்தில் உப்புக் காய்ச்சி மறுபடியும் ஜெயிலுக்குப் போனவர். அடக்குமுறை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1938 ஏப்ரலில் 125 பள்ளிக்கூடங்களில் ஹிந்தி கட்டாயப் பாடம் என்று உத்தரவு பிறந்தது. எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிக்கூட வாசலிலும் ராஜாஜியின் வீட்டு வாசலிலும் மறியல் நடந்தது. மறியல்காரர்கள் மீது எந்தச் சட்டம் பாய்ந்தது, தெரியுமா? மேலே சொன்ன அதே 1932-ஆம் வருஷத்துச் சட்டம்! பீரோவில் மடித்து வைத்திருந்தது. தூசி தட்டினால் போதுமாக இருந்தது.

அந்த வருஷம் நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் பெண்கள் மாநாடு ஒன்று கூடியது. ஈ. வெ. ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்த மாநாடு அதுதான். மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முதலிய பெண்கள் மறியல் செய்து கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் மொத்தம் 1,198 பேர் கைது செய்யப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் 1,179 பேர். சிறை சென்றவர்களில் பெண்கள் 73 பேர். அவர்களோடு ஜெயிலுக்குப் போன குழந்தைகள் 32. இடுப்புக் குழந்தையோடு ஜெயில் வாசலை மிதிப்பது என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1939-ல் நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிரிழந்தார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய ஹிந்தி உத்தரவே வாபஸ் ஆயிற்று. அதற்குள் மந்திரி சபையும் பதவியை விட்டுப் போய்விட்டது.

ராஜாஜி கெட்ட மனிதரா? அப்படி யாரும் சொல்ல முடியாது. நாணயத்துக்கும் எளிமைக்கும் பேர் போனவர். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயமே அதுதான். கெட்டவர் கையில்தான் சட்டம் கெடும் என்று நினைக்கிறோம். "நான் நல்லவன், நல்லதுக்காகச் செய்கிறேன்" என்ற நம்பிக்கை உள்ளவருக்குக் கை இன்னும் தாராளமாக நீளும்.

ஜெயிலிலிருந்து கடிதம் பெற்ற பெண்

ஒரு தகப்பனார் ஜெயிலில் இருந்துகொண்டு, வெளியே இருந்த பெண்ணுக்கு உலக சரித்திரத்தையே கடிதம் கடிதமாக எழுதினார். 1930 முதல் 1933 வரை எழுதிய அந்தக் கடிதங்கள் பிறகு பெரிய புஸ்தகமாயின. தகப்பனார் ஜவாஹர்லால் நேரு, பெண் இந்திரா. 1942-ல் அந்தப் பெண்ணும் கைதாகி அலகாபாத் நைனி ஜெயிலில் இருந்தார்.

அந்தப் பெண் பிரதம மந்திரியாக இருந்தபோதுதான், 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு தேசத்தில் நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. டில்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நின்றது. செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. 21 மாதங்களில் சுமார் 1,10,000 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 'மிசா' என்ற சட்டத்தின்படி, ஏன் கைது செய்தோம் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் சினேகலதா ரெட்டி. சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜனாதிபதி பரிசு பெற்ற 'சம்ஸ்காரா' என்ற கன்னடப் படத்தில் நடித்தவர். 1976 மே மாதம் கைதாகி, பெங்களூர் ஜெயிலில் சுமார் எட்டு மாதம் இருந்தார். கடுமையான ஆஸ்த்மா நோயாளி. ஜெயிலில் இருந்தபடி நாட்குறிப்பும் எழுதினார். 1977 ஜனவரி 15-ல் பரோலில் வெளியே விட்டார்கள். ஐந்தே நாளில், 20-ஆம் தேதி, இறந்துபோனார். எந்த வழக்கை ஒட்டிப் பிடித்தார்களோ, அதன் குற்றப் பத்திரிகையில் கடைசி வரையில் அவர் பெயரே இல்லை.

ஜெயிலிலிருந்து வரும் கடிதத்துக்காக ஒரு வீடு எப்படிக் காத்திருக்கும் என்பது இந்திரா காந்திக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அது வெள்ளைக்காரன் ஜெயில். இது தேசத்தின் நன்மைக்கான ஜெயில். அது வேறே, இது வேறே!

ஜெயிலிலிருந்து வந்தவர்கள்

1977 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னார்கள். ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. மொரார்ஜி தேசாய் முதலிய பலர் ஜெயிலில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு உரிய புகழைக் கொடுத்துவிட வேண்டும். 1978-ல் 'மிசா'வை ரத்து செய்தார்கள். உயிருக்கும் உடலுக்கும் உள்ள உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இது சின்ன காரியம் அல்ல.

ஆனால் மறு பக்கமும் உண்டு. 'மிசா'வை எடுப்பதற்கு முன்னாலேயே, விசாரணை இல்லாமல் காவலில் வைக்கும் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டத்துக்குள் நுழைக்க 1977 டிசம்பரில் ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். கூச்சல் எழுந்ததும் வாபஸ் வாங்கினார்கள். 1979-ல் சரண் சிங்கின் சர்க்கார் கள்ளச் சந்தைக்காரர்களைப் பிடிக்க என்று அதே அதிகாரத்தை அவசரச் சட்டமாகப் போட்டது. சரண் சிங்கும் நெருக்கடி நிலையில் ஜெயிலில் இருந்தவர்தான்!

மறுபடியும் வேலூர்

நம் ஊருக்கு வருவோம். 1982-ல் சென்னைச் சட்டசபையில் 'குண்டர் சட்டம்' பிறந்தது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது குறை சொல்லாதவர் இல்லை. ஆட்சிக்கு வந்தபின் எடுத்தவரும் இல்லை. எடுப்பதற்குப் பதில், யார் யாரைப் பிடிக்கலாம் என்ற பட்டியலைத்தான் நீட்டிக்கொண்டு போனார்கள்.

1987 ஏப்ரலில் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த ஒரு ஹாஸ்யத் துணுக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் கிளம்பவே, இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். சிரித்ததற்கு ஜெயில்!

2002-ல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச் மாதம் பார்லிமெண்டில் 'பொடா' சட்டம் நிறைவேறிற்று. குற்றப் பத்திரிகை இல்லாமலே 180 நாள் காவலில் வைக்கலாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். வைகோ அப்போது மத்தியக் கூட்டணியில் இருந்தார். சட்டத்தை ஆதரித்தார். நான்கே மாதத்தில், ஜூலை 11-ஆம் தேதி, சென்னை விமான நிலையத்தில் அதே 'பொடா'வின் கீழ் கைதானார். கைது செய்தது ஜெயலலிதாவின் சர்க்கார். காரணம் ஒரு பொதுக்கூட்டப் பேச்சு. சுமார் 19 மாதம் ஜெயிலில் இருந்தார். எந்த ஜெயில்? 1921-ல் ராஜாஜி இருந்த அதே வேலூர். இவ்வளவுக்கும் வைகோ ஏற்கெனவே 'மிசா'விலும் சிறை இருந்தவர்!

2004-ல் ஆட்சி மாறியது, 'பொடா' ரத்தாயிற்று. சந்தோஷப்பட்டோம். அதன் பிரிவுகள் பலவற்றை அதே வருஷம் வேறொரு பழைய சட்டத்துக்குள் குடியேற்றினார்கள் என்பதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கை தட்டியது யார்?

அப்படியானால் கட்சிகள் எல்லாமே ஒன்றுதானா? ஓட்டுப் போடுவதே வீணா? அல்லவே அல்ல. 1967-ல் அண்ணாவின் மந்திரி சபைதான் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட எத்தனையோ பெண்கள் அன்றுதான் சட்டப்படி மனைவி ஆனார்கள். ஆட்சி நம் சுதந்திரத்தை வளர்க்கவும் செய்யும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் பார்த்த கதைகளில் அநேகமாகச் சட்டம் பழையதாக இருக்கிறது. அல்லது பழைய சட்டத்துக்குப் புதுப் பெயராக இருக்கிறது. வந்தவர்கள் புதிதாகப் பூட்டுச் செய்ய வேண்டியதில்லை. போனவர்கள் விட்டுப்போன சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். ஜெயிலில் இருந்தவனுக்கு ஜெயிலின் கொடுமை தெரியும். சாவியின் சௌகரியமும் தெரிந்துவிடுகிறது.

நம் பங்கும் இதில் உண்டு. நமக்குப் பிடிக்காதவனைப் பிடித்து உள்ளே போட்டால், "நன்றாக வேண்டும்!" என்று கை தட்டுகிறோம். 2012 நவம்பரில் மஹாராஷ்டிரத்தில் இரண்டு இளம் பெண்கள் முகநூலில் எழுதியதற்காகக் கைதானார்கள். ஒரு தலைவர் இறந்ததற்காக ஊரை அடைக்கத்தான் வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் அதை 'லைக்' செய்தாள். அவ்வளவுதான். காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு அந்த வழக்கில் பாய்ந்தது. ஆட்சி மாறியது. பிரிவு போயிற்றா? இல்லை. புதிய மத்திய சர்க்காரும் நீதிமன்றத்தில் அதை ஆதரித்தே வாதாடியது. 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட்தான் அதைச் செல்லாது என்று தள்ளியது. வழக்குப் போட்டவர்களில் ஒரு சட்ட மாணவியும் உண்டு.

ஆகையால், அடுத்த தடவை ஒரு கட்சிக்காரர் வீட்டு வாசலில் வந்து கும்பிடும்போது, "உங்கள் ஆட்சியில் எங்களுக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். "எந்தச் சாவியைக் கீழே போடுவீர்கள்?" என்றும் கேளுங்கள். கடுமையான சட்டம் ஒன்று வந்தால், நமக்குப் பிடித்த தலைவர் கையில் அது எப்படி இருக்கும் என்று பார்க்காதீர்கள். நமக்குப் பிடிக்கவே பிடிக்காத ஆள் கையில் நாளைக்கு அது போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். என்றைக்காவது போகத்தான் போகிறது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். மாமி காப்பி கொடுத்தார். அவருடைய பெண்ணைப் போன தை மாதம்தான் கல்யாணம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

"மாமி, உங்கள் பெண் ராத்திரி உங்களோடு போனில் பேசும்போது, அவள் மாமியார் 'யாரது?' என்று கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றேன்.

மாமி "அது வேறே..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நின்று போயிருந்தது.

"காப்பி ஆறிப் போகிறது, குடியுங்கள்" என்றார்.