கூடைக்கயிற்றின் நிழல்

மஸ்கெலியா மலையில் கொழுந்து எடுக்கிற ஒருத்தியைப் படம் பிடிப்பது லேசான வேலை இல்லை. தலையில் மடித்துப் போட்ட வெள்ளைத் துணி, அதன்மேல் கூடைக்கயிறு. பத்து மணி வெயிலில் துணி கண்ணைக் கூச வைக்கும். அது போடும் நிழலில் கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விடும். துணிக்குப் பார்த்து எடுத்தால் முகம் கரி. முகத்துக்குப் பார்த்து எடுத்தால் துணி வெறும் சுண்ணாம்பு.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. பக்கத்துப் பள்ளத்தாக்கில், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, பாதி முகத்தை இருட்டிலேயே விட்டுப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். 1875இல் இலங்கை வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா பக்கத்துக் கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்தார். இந்தத் தீவில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் உண்டு. அன்றைய ஈரக் கொலோடியன் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும். சிவப்பும் பழுப்பும் அநேகமாகப் பிடிபடாது. அதனால் வானம் வெளுக்கும், மாநிற முகம் உள்ளதைவிடக் கறுக்கும். வெளிச்சக் கணக்கு ஆரம்பத்திலேயே நம் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை.

தோட்டத் தமிழரில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று பங்கு போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்த பிறகு, லயத்து ஆட்களுக்குப் போட்டோ என்பது ஆசைக்கு எடுப்பதாக இல்லாமல் கடதாசிக்கு எடுப்பதாக மாறியது. இந்தியாவுக்குப் போகிறவருக்குப் பாஸ்போர்ட். இங்கே பிரஜாவுரிமை கிடைத்தவருக்கு 1972க்குப் பின் அடையாள அட்டை. கந்தோரில் இருப்பவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கண்ணுக்குக் கீழே நிழல் தங்கினால் வேறு ஆளாகத் தெரியும்.

ஸ்டூடியோக்காரர் நிழலை மூன்று இடத்தில் மறித்தார். முதலில் பல்பில்: ஒன்றை நேராகவும் மற்றதை வெள்ளைச் சீலைக்குப் பின்னாலும் வைத்தார். "நாடியக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல, புருவத்தின் நிழலைக் கண்ணிலிருந்து இறக்கச் சொன்னது. அடுத்தது நெகட்டிவில். அதில் நிழல் விழுந்த இடம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும்; கூராகச் சீவிய பென்சிலால் மெல்லத் தீற்றினால் தாளில் அந்த இடம் வெளுக்கும். கை தவறினால் கிழவிக்குப் பொம்மைக் கன்னம் வந்துவிடும். கடைசியாக இருட்டறையில், தாளில் ஒளி விழும் சில விநாடிக்குள் கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தைக் குறுக்கே ஆட்டுவார். அட்டை மறைத்த இடம் அவ்வளவாகக் கறுக்காது. இன்று கம்ப்யூட்டரில் போட்டோஷாப் திறப்பவர்கள் குச்சியில் கறுப்புக் குமிழ் வைத்த ஒரு சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த அட்டை வட்டம்தான் அது. இருட்டறையையே பாராத பிள்ளைகள் அதைத் தினமும் அமுக்குகிறார்கள்.

2003இல் அதே மென்பொருளில் நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி வந்தது. இப்போது அதுவும் பழசு. கையிலிருக்கும் போன் ஒரு தட்டுக்குள் பல படங்களை எடுத்து, துணியை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிடுகிறது. அடையாள அட்டைப் படமும் ஸ்டூடியோவிலிருந்து இணையம் வழியே திணைக்களத்துக்குப் போகிறது.

ஆனாலும் போனுக்கு ஓர் எல்லை உண்டு. நிழலுக்குள் ஒளி கொஞ்சமாவது போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத் தூக்க மணல் கொட்டினாற்போலப் புள்ளிதான் வரும். முழுக்க வெளுத்த துணியில் ஓர் இழையைக்கூட மீட்க முடியாது. ஆகவே துணி வெளுக்காத அளவில் எடுத்துவிட்டு, பிறகு முகத்தைத் தூக்குவதே சரி. அதைவிட எளிது, மூடுபனி இறங்கும்வரை காத்திருப்பது. மலை முழுவதும் ஒரே வெள்ளைச் சீலையாகிவிடும். காத்திருக்க முடியாதென்றால் வெள்ளை உரச்சாக்கு ஒன்றை முகத்துக்குக் கீழே விரித்துப் பிடிக்கலாம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வெளிச்சப் பலகையும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. முகத்தை 'அழகாக்கும்' செயலிகளுக்கு நிழல் எது, நிறம் எது என்று பிரிக்கத் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்தே வெளுக்க வைக்கின்றன. கம்பெனிகளின் பழைய பழக்கம் இது. கலர் பிலிம் காலத்தில் கோடாக் கடைகளுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. கறுத்த தோலின் வண்ணம் சரியாக வர வேண்டுமென்று கூகுள் தன் பிக்சல் போனில் தனியாக வேலை செய்தது 2021இல்தான். அதற்குள் நம் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாவு பூசிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டார்கள். பேத்தி திருத்திக் காட்டிய படத்தை ஒரு பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இது யாரு புள்ள?" என்றார். நெற்றியில் கூடைக்கயிறு பதித்த தடம் படத்தில் இல்லை. செயலி அதையும் நிழலென்று எடுத்துக்கொண்டது.

டிசம்பர் பௌர்ணமிக்குப் பிறகு நல்லதண்ணி வழியே சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் விடியலில் கிழக்கே சூரியனைப் பார்த்துவிட்டு மேற்கே ஓடுகிறார்கள். 2,243 மீட்டர் மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமேல் விழுந்து கிடக்கும். போனை நீட்டினால் அது தன் புத்தியில் நிழலைத் தூக்க, முக்கோணம் வெளிறிப்போகிறது. உடனே எல்லோரும் திரையில் விரலை வைத்துக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள்.