மயக்கமும் அரைமயக்கமும்

தலையில் அடிபட்டு வீழ்ந்த ஒருவனைக் குறித்துச் சான்று கூற மூவர் வருகின்றனர் எனக் கொள்வோம். ‘நினைவு தப்பிவிட்டது’ என்கிறார் ஒருவர். ‘மயங்கிக் கிடந்தான்’ என்கிறார் மற்றவர். ‘அரைமயக்கத்தில் இருந்தான்’ என்கிறார் மூன்றாமவர். இம்மூன்றும் ஒரு பொருளனவா? அன்று என்பதே என் துணிபு.

மயங்குதல் என்பதன் அடிப்படைப் பொருள் கலத்தல். தொல்காப்பியர் இச்சொல்லை அப்பொருளிலேயே பலவிடத்தும் ஆள்கின்றார். இரண்டு மெய்கள் அடுத்து நிற்பது மெய்ம்மயக்கம். மயக்கம் என்னும் சொல்லிலேயே ககர மெய் தன்னோடு தான் மயங்கி நிற்றலைக் காணலாம். ஒரு வேற்றுமையின் பொருள் மற்றொன்றோடு கலத்தலை ஆராயும் இயலுக்கு வேற்றுமை மயங்கியல் என்று பெயர். நிலம், நீர், தீ, காற்று, வெளி ஆகிய ஐந்தின் கூட்டே உலகம் என மரபியலில் உரைக்குமிடத்தும் மயக்கம் என்ற சொல்லே வருகின்றது. இவற்றுள் எங்கும் கூடியவை அழிந்துபோவதில்லை. எல்லை மட்டுமே கலங்குகின்றது.

திருகோணமலையில் வாழ்வோர்க்கு இதை விளக்குதல் எளிது. மகாவலி கங்கை துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அக்கழிமுகத்தில் ஆற்றுநீர் இவ்வளவு, கடல்நீர் இவ்வளவு என்று கோடு கிழிக்க யாரால் இயலும்? பகலும் இரவும் கலக்கும் வேளையைப் ‘பொழுது மயங்கும் நேரம்’ என்கிறோம். அப்போது ஒளி முற்றும் மறைந்துவிடவில்லை.

இச்சொல் மனத்திற்கு வந்தபோதும் அப்பொருளே தொடர்ந்தது. அறிவும் அறியாமையும் விரவிய நிலையே மயக்கம். கள்ளுண்டு மயங்கியவன் நடக்கின்றான், பேசுகின்றான், ஆயினும் தெளிவிலன். ஆகவே, பாதி நினைவு என்பது மயக்கம் என்ற சொல்லுள்ளேயே அடங்கியிருந்தது எனலாம்.

பின்னர் வழக்கு மாறிற்று. அறுவைக்கு முன் நினைவை முற்றும் அகற்றும் மருந்தையும் மயக்கமருந்து என்றே அழைக்கலாயினோம். முழு இழப்பையும் அச்சொல் சுட்டத் தொடங்கவே, இடைநிலைக்கு ‘அரை’ என்னும் அடை வேண்டியதாயிற்று. இதனைக் கூறியது கூறல் என ஒதுக்குவாரும் உளர். நான் ஒதுக்கேன். ஒரு சொல்லின் எல்லை விரிந்தால், அதனுள் வேலியிட்டுக்கொள்ளும் உரிமை வழக்கிற்கு உண்டு.

ஆனால் அரைமயக்கம் வேறு, அறிதுயில் வேறு. திருமாலின் அறிதுயில் எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் துயில். அங்கே குறைவு எதுவுமில்லை. சைவ சித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகளை வகுக்கின்றது. உணர்வு படிப்படியாக ஒடுங்குவது என்பதை நம் முன்னோர் நன்கு கண்டிருந்தனர்.

மருத்துவரும் அவ்வாறே படிவைத்து அளக்கின்றனர். 1974ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாஸ்கோ அளவுகோல் கண் திறத்தல், விடை பகர்தல், உறுப்பசைத்தல் என்னும் மூன்றையும் நோக்கி, 3 முதல் 15 வரை எண்ணிடுகின்றது.

இது பண்டிதர்களின் சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செய்தியன்று. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், இறந்தவர் தம் மரணத்தின் காரணம் பற்றிக் கூறிச்சென்றதை 32ஆம் பிரிவின்கீழ்ச் சான்றாக ஏற்க இடமளிக்கின்றது. அவ்வாறு கூறியவர் ‘மயக்கமாய் இருந்தார்’ என்று ஒருவர் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதனை ‘நினைவிழந்திருந்தார்’ என்று மாற்றிவிட்டால், இறந்தவரின் கடைசி வாக்கே ஐயத்துக்கு உள்ளாகும். அவர் மீண்டும் வந்து திருத்த முடியாது.

ஆதலின் மாணாக்கர்க்கு நான் கூறுவது இது. உணர்வு அறவே இல்லையெனின் நினைவிழப்பு என்று எழுதுக. இடைநிலையெனின் அரைமயக்கம் என்க. அதனோடு நில்லாது, அழைத்தபோது கண் திறந்தாரா, கேட்டதற்கு மறுமொழி தந்தாரா என்பதையும் சேர்த்தெழுதுக. மயங்கியவரைப் பற்றிச் சொல்லும் நம் சொல் மயங்கலாகாது.