முதலில் யாரை எடுப்பது? முனிர்கா கால்பந்து ரசிகரின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சுவாமி தரிசனம் முடித்துவிட்டு முனிர்காவுக்குத் திரும்பும் தமிழர்கள் வழக்கமாகப் பேசுவது ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைத்ததா என்பது பற்றியும், வீட்டு வாடகை பற்றியும்தான். பையன்கள் கூட வந்தால் கிரிக்கெட்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கால்பந்தைத் தவிர வேறு எதையும் பேசாத ஒருவர் அந்தக் கூட்டத்தில் உண்டு.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்த ஊர் சென்னை வியாசர்பாடி. "பெயர் எல்லாம் எதற்கு? பென்ஷன்காரனுக்கு விளம்பரம் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். அவருடைய அலமாரியில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் ரிஜிஸ்டர் போலவே கோடு போட்டு, 2014-ஆம் ஆண்டு முதல் இந்தியன் சூப்பர் லீக் அணிகள் யார் யாரை எடுத்தன, யார் யாரை விட்டன என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். "கோல் கணக்கைப் பேப்பரில் போடுவார்கள். ஆள் கணக்கை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்பது அவர் வாதம்.

ஏலம் வேறு, தேர்வு வேறு

கிரிக்கெட் ஏலம் எல்லோருக்கும் தெரியும். பணம் அதிகம் சொல்கிறவனுக்கு ஆட்டக்காரர். கால்பந்தில் ஆரம்ப ஆண்டுகளில் வேறு ஏற்பாடு இருந்தது. 'டிராஃப்ட்' என்று சொல்லப்பட்ட வரிசைத் தேர்வு அது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சம்பளம் முன்கூட்டியே நிர்ணயமாகியிருக்கும். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவன் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போவான். பின்னால் நிற்பவனுக்கு இருப்பதுதான்.

முதல் தேர்வு 2014 ஜூலையில் மும்பையில் நடந்தது. 84 இந்திய ஆட்டக்காரர்களை 6 அணிகள் ஆளுக்கு 14 பேராகப் பங்கிட்டுக்கொண்டன. கோவா அணி டெம்போ கிளப்பிலிருந்தும், வடகிழக்கு அணி ஷில்லாங் லாஜோங் கிளப்பிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டதால் அவை இரண்டும் வரிசையில் நிற்கவில்லை. கடைசித் தேர்வு 2017 ஜூலை 23-ஆம் தேதி நடந்தது. அதற்குப் பிறகு கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

"முறை போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை. கையில் இருக்கிற பணத்துக்கு முதலில் யார், அப்புறம் யார் என்று ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு வருஷமும் யோசித்துத்தான் ஆக வேண்டும். தெரிந்து செய்தவன் ஜெயித்தான். தெரியாமல் செய்தவன் என்ன ஆனான் என்பதற்கு நம் டில்லியே சாட்சி" என்கிறார் அவர்.

டில்லி விட்ட தூண்

டில்லி டைனமோஸ் அணி லோதி ரோடு அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் விளையாடிய காலத்தில், முனிர்காவிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர் இவர். சென்னையின் அணி விளையாடிய மைதானத்துக்கும் அதே பெயர்தான். "பெயராவது ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு திருப்தி" என்று சிரிக்கிறார்.

டில்லி அணிக்குப் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. 2014-ல் இத்தாலியின் டெல் பியரோ வந்தார். 2015-ல் பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அணி அரையிறுதிக்குப் போனது. 2016-ல் ஸாம்ப்ரோட்டா பயிற்சியில் மறுபடியும் அரையிறுதி. அந்த ஆண்டு போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் டில்லியின் மார்செலினோ, 10 கோல். அரையிறுதியில் பெனால்டி உதையில் கேரளாவிடம் தோற்று வெளியேறியது.

இரண்டு முறை வாசல் வரை போன அணி அடுத்த ஆண்டு என்ன செய்திருக்க வேண்டும்? 2017 தேர்வுக்கு முன் ஒவ்வொரு அணியும் பழைய ஆட்டக்காரர்களில் மூத்தவர் இரண்டு பேர் வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி. டில்லி ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. மார்செலினோ புனேக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் டில்லியின் பின்களத்தைக் காத்த அனஸ் எடத்தொடிகா தேர்வு வரிசைக்குப் போனார். முதல் முறை பெற்றிருந்த புதிய அணி ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது அவரைத்தான். அவருக்கு நிர்ணயமாகியிருந்த சம்பளம் 1 கோடியே 10 லட்சம் ரூபாய்.

"நாம் வேண்டாம் என்று வைத்த தூணை, வீடே கட்டாதவன் முதல் வேலையாகத் தூக்கிக்கொண்டு போனான்" என்று நோட்டில் அந்த வரியைத் தொட்டுக் காட்டுகிறார் அவர். டில்லி தன் முதல் முறையில் கோல்கீப்பர் ஆல்பினோ கோம்ஸை எடுத்ததை அவர் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டு ஐ-லீகில் வென்ற ஐஸ்வால் அணியின் கோல்கீப்பர் அவர். "கோல்கீப்பர் சரி. அவருக்கு முன்னால் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமே இல்லாதவர்கள். பதினோரு பேரும் புதிது என்றால் அது அணி ஆகாது. ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிற கூட்டம்." அந்தப் பருவத்தில் 10 அணிகளில் டில்லிக்கு எட்டாவது இடம். அடுத்த பருவத்திலும் எட்டாவது இடம்.

சென்னை வைத்துக்கொண்டது

அதே தேர்வில் சென்னையின் கதை வேறு. முன்னணி ஆட்டக்காரர் ஜேஜே லால்பெக்லுவா, கோல்கீப்பர் கரண்ஜித் சிங் இருவரையும் சென்னையின் அணி வைத்துக்கொண்டது. இளைஞர் அனிருத் தாபாவும் கூடவே இருந்தார். ஆக, ஒரு முனையில் கோலைக் காக்க ஆள், மறுமுனையில் கோல் அடிக்க ஆள். நடுவில் இருந்த காலி இடங்களுக்கு மட்டும் தேர்வில் ஆள் தேடினால் போதும். நடுக்களத்துக்குச் சென்னைப் பையன் தன்பால் கணேஷை எடுத்தார்கள்.

2018 மார்ச் 13-ஆம் தேதி சென்னையில் நடந்த அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக 3 கோல். ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று. நான்கு நாள் கழித்து பெங்களூரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று சென்னை இரண்டாவது முறையாகக் கோப்பையைப் பெற்றது. "வைத்துக்கொண்ட ஆளும், யோசித்து எடுத்த ஆளும் சேர்ந்து அடித்த கோல்கள் அவை" என்கிறார் வியாசர்பாடிக்காரர்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்களும் முனிர்காவில் உண்டு. குமரி மாவட்டக் கடற்கரை ஊரிலிருந்து வந்து, ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் அவரோடு மல்லுக்கு நிற்கிறார். "சார், காவல்காரனை வைத்து வீட்டைக் காக்கலாம், சோறு பொங்க முடியுமா? 2015-ல் சென்னை ஜெயித்தது மெண்டோசாவால்தானே? 13 கோல்! கோவாவில் இறுதிப் பந்தயம் முடிகிற நேரத்தில் வெற்றி கோலையும் அவன்தானே அடித்தான்? முதல் பணத்தை கோல் அடிக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும்" என்பது இளைஞரின் கட்சி.

"தம்பி, 2018 இறுதிப் பந்தயத்தில் சென்னைக்கு முதல் இரண்டு கோலையும் தலையால் முட்டியவன் யார்? மைல்சன். அவன் பின்களக்காரன்" என்று பெரியவர் திருப்பிக் கொடுக்கிறார். மைல்சனும் வெளிநாட்டுக்காரர்தானே என்று இளைஞர் கேட்டால், அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. 2014-ல் மைதானத்தில் ஒரே சமயத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம். 2017-ல் அது 5 ஆயிற்று. 2021-22 பருவத்தில் 4 ஆகக் குறைந்தது. ஆட வேண்டிய இந்தியர் எண்ணிக்கை 5, 6, 7 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. "நாலு பேரைக் கடல் கடந்து தேடலாம். மீதி ஏழு பேரை இங்கேதான் தேட வேண்டும். அந்த ஏழு பேர் கணக்கில் தப்பு பண்ணினால் அந்த நாலு பேரால் ஒன்றும் ஆகாது" என்கிறார்.

அணிக்கே மாற்றல் உத்தரவு

2017 தேர்வில் டில்லி எடுத்த ஒரு பெயர் மட்டும் அவர் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. சேகர் நந்தகுமார். சென்னைப் பையன், சென்னை சிட்டி அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். பக்கவாட்டில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற வேகக்காரர். "நமக்கெல்லாம் வேலை உத்தரவு வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினோம். அந்தப் பையனுக்குத் தேர்வுப் பட்டியல் வந்தது. இரண்டும் ஒன்றுதான். எந்த ஊர் என்று நாம் கேட்கவில்லை, ஊர்தான் நம்மைக் கேட்டது" என்கிறார்.

நந்தகுமார் இரண்டு பருவங்கள் டில்லியில் இருந்தார். 2019 ஆகஸ்டில் அணியே புவனேசுவரத்துக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. "வேலைக்காரனுக்கு டிரான்ஸ்பர் வரும், பார்த்திருக்கிறோம். ஆபீசுக்கே டிரான்ஸ்பர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்."

அந்த ஆண்டு டில்லிக்கு இரட்டை இழப்பு. 1888-ல் சிம்லாவில் தொடங்கி 1940-ல் டில்லிக்கு வந்த டுராண்ட் கோப்பைப் போட்டியும் 2019-ல் கொல்கத்தாவுக்குப் போயிற்று. 1955-லும் 1958-லும் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி வென்ற கோப்பை அது. அம்பேத்கர் ஸ்டேடியத்தில் டுராண்ட் பந்தயம் என்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போகும் தமிழர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

நந்தகுமார் பின்னாளில் நன்றாகவே வளர்ந்தார். 2023-ல் ஒடிஷா அணியோடு சூப்பர் கோப்பை வென்றார். அதே ஆண்டு இந்தியாவுக்காக ஆடினார். பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தார். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதிப் பந்தயத்தில் தன் பழைய ஒடிஷாவுக்கு எதிராகவே ஒரு கோல் அடித்தார். "அத்தனையும் டில்லியில் நடந்திருக்கலாம்" என்று அந்தப் பக்கத்தை மூடுகிறார் பெரியவர்.

மறுபடியும் ஓர் அணி

2025 அக்டோபரில் ஹைதராபாத் எஃப்.சி., ஸ்போர்டிங் கிளப் டில்லி என்ற பெயரில் தலைநகருக்கு மாறியது. அந்த ஹைதராபாத் அணியே 2019-ல் புனே அணியின் இடத்தில் வந்ததுதான். 2022 மார்ச்சில் கேரளாவைப் பெனால்டியில் வென்று கோப்பையும் பெற்றது. இப்போது மூன்றாவது ஊர்.

இந்த அணிக்கு என்ன தேவை? பெரியவர் நோட்டில் வரிசையாக எழுதியிருக்கிறார். முதல் தேவை, கையில் இருப்பவர்களில் மூன்று நான்கு பேரை இரண்டு மூன்று ஆண்டுக்காவது விடாமல் வைத்துக்கொள்வது. இரண்டாவது, ஓர் இந்திய கோல்கீப்பர். மூன்றாவது, பேசிப் பழகிய இரண்டு நடுப் பின்களக்காரர்கள். நான்காவது, அவர்களுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிற ஒருவர். ஐந்தாவதுதான் கோல் அடிப்பவர். அதிலும் வெளிநாட்டவர் காயம்பட்டால் மாற்றாக நிற்க ஓர் இந்தியர். குமரி இளைஞருக்கு மரியாதையாக, ஐந்தாவதை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆறாவதாக எழுதியிருப்பது டில்லிப் பையன்கள். இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த சுனில் சேத்ரி தன் கிளப் ஆட்டத்தைத் தொடங்கியது டில்லியின் சிட்டி கிளப்பில்தான். 2002-ல் அவரை மோகன் பகான் கொண்டுபோயிற்று. "உள்ளூர்ப் பையன் நாலு பேர் இருந்தால் அவன் அப்பன், மாமன், பள்ளிக்கூடத்துக்காரன் எல்லாம் மைதானத்துக்கு வருவான். மைதானம் நிறைந்தால் அணி ஊரைவிட்டுப் போக யோசிக்கும். ஆளை வைத்துக்கொள்ளத் தெரியாத அணியை ஊராலும் வைத்துக்கொள்ள முடியாது" என்கிறார்.

சென்னையா, டில்லியா, யார் பக்கம் என்று கேட்டால் அவர் தயங்குவதில்லை. இரண்டு அணியும் மோதினால் சென்னை. மற்ற நாளெல்லாம் டில்லி. "சோறு போட்ட ஊருக்கும் ஓர் அணி வேண்டாமா?" முனிர்காவிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய பேரனுக்கு டில்லி அணியின் சட்டை வேண்டுமாம். ஒரு பருவம் முழுதும் இங்கேயே ஆடட்டும், வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நோட்டில் புதிய பக்கம் திறந்தாகிவிட்டது. மேலே அணியின் பெயர் எழுதியிருக்கிறது. மற்ற பக்கங்களில் எல்லாம் பேனா மை. இதில் மட்டும் பென்சில்.