மகளின் புவியியல் பரீட்சையும் நான் சொல்லாமல் விட்ட விடையும்

சென்ற மாதம் பெற்றோருக்கான நேரத்தில் ஏ.பி. மானிடப் புவியியல் பரீட்சை பற்றி நான் பேசியபின் பலர் தொலைபேசியில் மேலும் விபரம் கேட்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்காதவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியன் அல்லன். நியூ ஜேர்சியில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்பவன். ஒன்பதாம் வகுப்பில் படித்த மகளோடு மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் குந்தியிருந்து அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

ஏ.பி. என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே பல்கலைக்கழக முதலாண்டுத் தரத்தில் படிக்கும் பாடம். கொலிஜ் போர்ட் என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதத்தில் பரீட்சை வைக்கும். பெறுபேறு 1 முதல் 5 வரை. எத்தனை எடுத்தால் பாடத்தைக் கழித்துக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. மானிடப் புவியியல் பரீட்சை 2001இல் தொடங்கியது. பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலில் எழுதும் ஏ.பி. பரீட்சை இதுதான். பதினான்கு வயதுப் பிள்ளை இவ்வளவு பெரிய பரீட்சையைக் கண்டதில்லை. பயம் வருவது இயல்பு.

2025 மே மாதம் முதல் இது முழுவதும் கணினியில்தான். ஆனால் 'இணையப் பரீட்சை' என்றதும் வீட்டிலிருந்து எழுதலாம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. என் மூத்தவன் 2020இல், கொரோனாக் காலத்தில், தன் படுக்கையறையில் இருந்துதான் எழுதினான். அந்த ஆண்டு 45 நிமிடம்தான், குறிப்புகளைத் திறந்து பார்க்கலாம், பல்தேர்வு வினாவே இல்லை. அண்ணன் சொன்ன கதையைக் கேட்டு இவளும் சற்று அலட்சியமாக இருந்தாள். இப்போது அப்படியல்ல. பள்ளிக்குப் போய், மேற்பார்வையாளர் முன்னால், புளூபுக் என்ற செயலியில் எழுத வேண்டும். குறிப்புகளும் கைத்தொலைபேசியும் கூடாது.

புளூபுக்கை மடிக்கணினியில் முன்னரே இறக்கி வைக்க வேண்டும். அதற்குள் பயிற்சிப் பக்கம் ஒன்று உண்டு. அதில் ஒருமுறையாவது இருந்து பார்க்கச் சொல்லுங்கள். நேரம் காட்டும் கடிகாரத்தை மறைக்கலாம், சந்தேகமான வினாவில் அடையாளம் வைத்துப் பிறகு திரும்பலாம், பிழையான தெரிவுகளை வெட்டி விடலாம், வரைபடத்தைப் பெரிதாக்கலாம். நடுவில் வைஃபை அறுந்தால் பிள்ளை பதற வேண்டியதில்லை. தொடங்கும்போதும் கடைசியில் விடைகளை அனுப்பும்போதும்தான் இணைப்பு முக்கியம். இடையில் விடைகள் கணினியிலேயே சேமிக்கப்படும். பற்றரியை முதல்நாள் இரவே நிரப்பி விடுங்கள்.

முதற்பகுதி 60 பல்தேர்வு வினாக்கள், 60 நிமிடம். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. இரண்டாம் பகுதி மூன்று எழுத்து வினாக்கள், 75 நிமிடம். இரண்டுக்கும் பாதிப் பாதிப் புள்ளி. எழுத்து வினாக்களில் முதலாவதற்கு வரைபடமோ அட்டவணையோ இராது, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு. ஒவ்வொரு வினாவிலும் ஏழு சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

என் மகள் சறுக்கியது இந்த இரண்டாம் பகுதியில்தான். அவள் நன்றாகக் கட்டுரை எழுதுவாள். முன்னுரை, முடிவுரை எல்லாம் வைத்து அழகாகத் தட்டச்சுச் செய்வாள். இங்கே அதற்குப் புள்ளி கிடையாது. 'ஐடென்ரிஃபை' என்றால் ஒரு வரியில் பெயரைச் சொன்னால் போதும். 'டிஸ்கிரைப்' என்றால் அதன் தன்மையைச் சொல்ல வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் 'ஏனென்றால்' என்று ஒரு காரணம் வந்தே ஆக வேண்டும். பழைய எழுத்து வினாக்களும் புள்ளியிடும் விதிகளும் கொலிஜ் போர்ட்டின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் தடித்த புத்தகங்களைவிட அவையே எங்களுக்கு உதவின.

பாடம் ஏழு அலகுகள். புவியியல் முறையில் சிந்திப்பது என்ற முதல் அலகுக்கு மட்டும் பல்தேர்வில் நிறை சற்றுக் குறைவு. குடித்தொகையும் குடிபெயர்வும், பண்பாடு, அரசியல், விவசாயம், நகரங்கள், கைத்தொழிலும் பொருளாதார வளர்ச்சியும் ஆகிய மற்ற ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே நிறைதான். முதல் அலகில் ஒன்று மட்டும் கவனம்: எந்த அளவில் பார்க்கிறோம் என்பது. மாநில வரைபடத்தில் நியூ ஜேர்சி வசதியான நிறத்தில் இருக்கும். நகரங்களாகப் பிரித்து வரைந்தால் கம்டன் நகரின் வறுமை தெரியும். இரண்டும் உண்மையான படங்கள்தான். இது பலமுறை கேட்கப்படுகிறது.

விவசாய அலகில் வொன் தூனன் என்ற ஜெர்மானியர் 1826இல் வெளியிட்ட வளைய மாதிரி வரும். சந்தையைச் சுற்றி முதல் வளையத்தில் பாலும் மரக்கறியும், அடுத்து காடு, பிறகு தானியம், கடைசியில் கால்நடை. மகள் மனப்பாடம் செய்தாள், ஆனால் நகருக்குப் பக்கத்தில் காடு ஏன் என்று கேட்டாள். எனக்கு எங்கள் ஊர் விறகு வண்டில்தான் நினைவுக்கு வந்தது. விறகு பாரம் கூடியது, விலை குறைந்தது. தூரம் கூடினால் வண்டிற்கூலியே விலையை விழுங்கிவிடும். மாடு என்றால் தன் காலாலேயே சந்தைக்கு நடந்து வரும், ஆகவே தூரத்தில் வளர்க்கலாம். குளிரூட்டிய லொறி வந்தபின் இது எவ்வளவு பொருந்தும் என்றும் வினா வரும். மாரியில் எங்கள் கடைகளில் கிடக்கும் சிலி நாட்டுத் திராட்சையே அதற்கு விடை. பாட்டனோ பாட்டியோ வீட்டில் இருந்தால் இந்த அலகை அவர்களிடம் விடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனி நான் வானொலியில் சொல்லத் தயங்கிய விடயம்.

ஒரு மாதிரி வினாவில் அகதிக்கும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, ஓர் உதாரணம் தருமாறு கேட்டிருந்தது. மகள் இரண்டையும் குழப்பி எழுதிவிட்டு, விரும்பிக் குடிபெயர்ந்தவருக்கு உதாரணமாக, தன் தகப்பன் நல்ல வேலை தேடி இலங்கையிலிருந்து அமெரிக்கா வந்தார் என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தாள். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

"ஏன் அப்பா, வேலைக்குத்தானே வந்தனீங்கள்?" என்றாள்.

அவள்மீது பிழையில்லை. நான் சொன்னதே இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, எனக்கும் அவளுடைய வயதுதான். வலிகாமம் முழுவதும் வெளியேறியது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி மாமா உருட்டிக்கொண்டு வந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பமாக இருந்தோம். இவ்வளவும் நடந்தாலும் அப்போது நான் அகதி அல்லன், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவன். ஏனென்றால் நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. வேறுபாடு அந்த எல்லைதான். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையும் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரைத்தான் அகதி என்கிறது.

பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடம், காசுக்கும் விசாவுக்கும் காத்திருந்தேன். பாடப் புத்தகம் அதை இடையிலுள்ள தடை என்கிறது. போர் தள்ளிய காரணி. நியூ ஜேர்சியில் முன்பே இருந்த சித்தப்பா இழுத்த காரணி, அவர் பின்னால் நான் வந்தது சங்கிலிக் குடிபெயர்வு. இங்கே வந்திறங்கியபின் தஞ்சம் கேட்டேன். அமெரிக்கச் சட்டத்தில் வெளியிலிருந்து விண்ணப்பித்து வருபவர் அகதி, உள்ளே வந்தோ எல்லையிலோ கேட்பவர் தஞ்சம் கோருபவர். களஞ்சியசாலை வேலை அதற்குப் பிறகுதான்.

முக்கால் மணித்தியாலம் சொல்லியிருப்பேன். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இதுக்கு ஒரு புள்ளிதான் அப்பா, ரெண்டு வசனம் போதும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது சரி. எவ்வளவு பெரிய கதையானாலும் புள்ளியிடுபவர் தேடுவது எல்லை என்ற அந்தச் சொல்லையும் பொருத்தமான உதாரணத்தையும்தான். பழைய விடையை அழித்துவிட்டு எழுதினாள்: இடம்பெயர்ந்தவர் வன்முறையால் வீட்டை விட்டாலும் தன் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார், அகதி சர்வதேச எல்லையைக் கடந்தவர். உதாரணம், 1995இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்த மக்கள். என் பெயரோ உறவோ அதில் இல்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் இணைய வரைபடத்தைத் திறந்து, அந்தப் பாலம் எங்கே என்று கேட்டாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன். பிறகு அம்மம்மா சைக்கிளில் இருந்து விழவில்லையா, என்ன சாப்பிட்டீர்கள், இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். அன்று வேலைக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போனேன்.