போர்ட்ரெய்ட்டுக்கு எந்த 50 எம்.எம் லென்ஸ்... ஷார்ப்னஸா, கேரக்டரா?

கேமரா வாங்கியாச்சு. கூடவே வந்த கிட் லென்ஸில் ஃப்ரெண்டை நிற்கவைத்து எடுத்தால், 'இதுக்கு போனே பரவாயில்லையே'ன்னு தோணுதா? அப்போ நீங்க தேட வேண்டியது, 50 எம்.எம் பிரைம் லென்ஸ். இதில் ஜூம் கிடையாது. நீங்கதான் முன்னே பின்னே நடக்கணும். ஆனால், எஃப் 1.8, எஃப் 1.4 என அப்பர்ச்சர் அகலமாகத் திறக்கும். மங்கலான வெளிச்சத்திலும் படம் வரும், பின்னணியும் அழகாக மங்கும். போனின் போர்ட்ரெய்ட் மோடு சாஃப்ட்வேரில் செய்வதை, இது கண்ணாடியிலேயே செய்துவிடும். காதோர முடி பாதி காணாமல்போகிற கதையெல்லாம் இங்கே இல்லை.

1.4-ஆ, 1.8-ஆ?

1.8-ஐவிட 1.4 சுமார் 1.6 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால், விலை அதைவிட எகிறும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில் 1.4-ல் எடுத்தால் ஷார்ப்பாக இருக்கும் பகுதி ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். முகம் முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால், எப்படியும் 2.8 பக்கம் போக வேண்டிவரும். அதனால் முதல் லென்ஸுக்கு 1.8 தாராளம்.

கேரக்டர்னா என்ன?

உண்மையில் அது லென்ஸின் குறைதான். ஓரங்கள் மங்குவது, வெளிச்சத்தில் லேசாகப் பளபளப்பது போன்றவற்றைப் புது லென்ஸ்கள் பெரும்பாலும் சரிசெய்துவிடுகின்றன. பழைய லென்ஸ்களில் அவை அப்படியே இருக்கும்.

பிரபலமான உதாரணம், ஹீலியோஸ் 44-2. ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி சோவியத் யூனியனில் தயாரான 58 எம்.எம், எஃப் 2 லென்ஸ். இலைகளுக்கு முன்னால் ஒருவரை நிற்கவைத்து, எஃப் 2-வில் எடுத்துப் பாருங்க. நடுவில் முகம் தெளிவாக இருக்க, இலை இடுக்கில் வரும் ஒளிப்புள்ளிகள் அவரைச் சுற்றிச் சுழல்வது போலத் தெரியும். வெற்றுச் சுவர் முன்னால் எடுத்தால் இந்த மேஜிக் நடக்காது.

யாருக்கு செட் ஆகும்?

இதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. மிரர்லெஸ் கேமராவில் மாட்ட, எம்42 அடாப்டர் வேண்டும். எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் குறையும். முக்கியமாக, உங்களுடையது ஏபிஎஸ்-சி கேமரா என்றால், சுழல் அதிகம் தெரியும் ஓரங்களே படத்தில் வராது. சின்ன ரூமில் பின்னால் நகரவும் இடம் பத்தாது.

ஓடியாடும் குழந்தை, கல்யாண வீடு, காசு வாங்கிச் செய்யும் வேலை... இதற்கெல்லாம் ஆட்டோஃபோகஸ் உள்ள 1.8 போதும். நீங்க ஃபோகஸ் வைக்கும்வரை பொறுமையாக உட்காரும் ஆள் கிடைத்தால், பழைய லென்ஸ் பக்கம் போகலாம்.

செகண்ட் ஹேண்டா? கவனம்!

போன் டார்ச்சை லென்ஸின் ஒருபக்கம் அடித்து, மறுபக்கம் பாருங்க. சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். ஃபோகஸ் வளையம் இறுக்கம் இல்லாமல் சுற்றணும். முடிந்தால், ஒருநாள் வாடகைக்கோ, தெரிந்தவரிடமோ வாங்கி, வழக்கமாக நீங்க படமெடுக்கும் அதே இடத்தில் எடுத்துப் பாருங்க. சாம்பிள் படத்தில் அள்ளிய லென்ஸ், உங்க ஊர் வெயிலுக்கும் உங்க ஃப்ரெண்டு முகத்துக்கும் பொருந்துதான்னு தெரிஞ்ச பிறகு காசை எடுங்க!