மறுபடியும் மாணவி

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று தகவல் வந்தால் போதும். சென்னையில் இருக்கும் எங்களுக்குக் கால் தரையில் நிற்காது. எனக்கு அதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. என் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். லாட்ஜுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். தங்கையின் கைச் சாப்பாடும் லாபம்!

இந்த வருஷம் போயிருந்தபோது, முதல் நாளே விடியற்காலை நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அடுக்களையில் விளக்கு எரிந்தது. பால் காய்ச்சுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. அரிசி டின்னின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, தங்கை ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, இந்த நேரத்தில்?" என்றேன்.

"படிக்கிறேன் அக்கா" என்றாள், திருட்டுத்தனம் அகப்பட்ட குழந்தையைப் போல.

அவளுக்கு வயது முப்பத்து நாலு. இரண்டு குழந்தைகள். தனியார் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள், இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது என்ன படிப்பு என்று கேட்டேன். இணையப் பக்கங்களை உருவாக்கும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொள்கிறாளாம். எட்டு மாதமாக இது நடக்கிறதாம். கூடப் பிறந்த எனக்கே அன்றுதான் தெரியும்!

"பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கூப்பிடுகிறார்கள், அக்கா. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் ஒரு சின்னக் கம்பெனியிலும் ஆறு மாதம் பழகுநராக எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும். மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆனால் டீச்சர் சம்பளத்தில் பாதிதான் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்வார்களா என்பதும் நிச்சயமில்லை."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நேயர்கள் ஊகிக்கலாம். "கையில் இருக்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு இதென்ன விஷப்பரீட்சை?" என்றேன். அவள் பதில் பேசவில்லை. எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

முகப்பும் அடுக்களையும்

அருவியில் குளித்து வந்த பிறகு, என் மனம் சற்று இளகியது. "சரி, அது என்ன வித்தை? எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்றேன்.

ஓட்டலுக்குப் போகிறோம். மேஜை, இலை, பரிமாறுகிறவர், விலைப் பட்டியல் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. உள்ளே மாவு ஆட்டுவதும் சாம்பார் கொதிப்பதும் தெரிவதில்லை. இணையத்திலும் அப்படியே. ரயில் டிக்கெட் வாங்கும் பக்கத்தில் நம் கண்ணுக்குத் தெரிவதும் விரல் படுவதும் முகப்பு. இதற்கு 'ஃபிரண்ட் எண்ட்' என்று பெயர். கணக்கு வழக்கெல்லாம் நடப்பது பின்கட்டில். என் தங்கை கற்பது முகப்பு வேலை.

அதற்கு மூன்று பாஷைகள் வேண்டும். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். இது தலைப்பு, இது மணமகன் பெயர், இது முகூர்த்த நாள் என்று ஒவ்வொன்றையும் இன்னதென்று அடையாளமிட்டுச் சொல்வது எச்.டி.எம்.எல். தலைப்பு குங்கும நிறமா, ஓரத்தில் மாவிலைத் தோரணமா, எழுத்து எவ்வளவு பெரிது என்று அலங்காரத்தைக் கவனிப்பது சி.எஸ்.எஸ். "கல்யாணத்துக்கு வருகிறோம்" என்ற பொத்தானைத் தொட்டதும் எத்தனை பேர் என்று கேட்கிறதல்லவா, அந்தச் சுறுசுறுப்பைத் தருவது ஜாவாஸ்கிரிப்ட்.

இவை ஒன்றும் புராண காலத்துச் சங்கதிகளல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், விஞ்ஞானிகள் தங்கள் ஏடுகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது வலை. அலங்கார பாஷைக்கு 1994-ல் யோசனை சொன்னவர் நார்வேக்காரரான ஹாக்கன் வியூம் லீ. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் எழுதி முடித்தார். அந்த அவசரத்தில் புகுந்த சில கோணல்களை இன்றைக்கும் பிள்ளைகள் திட்டிக்கொண்டே படிக்கிறார்கள்!

முக்கியமான விஷயம் இன்னொன்று. 1993 ஏப்ரலில் செர்ன் இந்த வலையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டது. தவிர, எந்தப் பக்கத்தையும் திறந்து, அது எப்படி எழுதப்பட்டது என்று மூல எழுத்தைப் பார்க்க முடியும். அடுத்த வீட்டு வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்துப் புள்ளி எண்ணிக் கற்றுக்கொள்கிறோமே, அந்த மாதிரி. இந்தத் தொழிலில் குரு இல்லாமல் தேறியவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அதுவே காரணம்.

முன்னே நடந்தவர்கள்

"இதெல்லாம் சின்னப் பையன்கள் வேலை" என்று நான் சொன்னபோது தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வேலையை ஆரம்பித்து வைத்ததே பெண்கள்தான், அக்கா" என்றாள்.

அது உண்மைதான். 1946-ல் அமெரிக்காவில் உலகத்துக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்ற ராட்சதக் கணிப்பொறிக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன் அவர்கள் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தவர்கள். புதிய யந்திரத்துக்குப் பாடப் புத்தகம் கிடையாது. கம்பிகளின் வரைபடங்களைக் கையில் கொடுத்து, "பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற அம்மையாரின் கதை இன்னும் ருசிகரமானது. ஹிட்லருக்குத் தப்பி, 1939-ல் ஐந்து வயதுக் குழந்தையாக ரயிலேறி வந்தவர். 1962-ல் ஆறு பவுன் முதலோடு, வீட்டிலிருந்தபடியே கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். குழந்தைகளுக்காக உத்தியோகத்தை விட்டு நின்ற பெண்களே அவருக்கு வேண்டியவர்கள். முதல் முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு பேர் பெண்கள்! பெண் பெயரில் கடிதம் எழுதினால் பதில் வரவில்லை. 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார், பதில் வந்தது. வீட்டில் குழந்தை அழுவது டெலிபோனில் கேட்கக்கூடாதென்று, டைப் அடிக்கும் சத்தத்தை நாடாவில் பதிந்து பின்னால் ஓடவிட்டாராம். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இந்தப் பெண்கள் வீட்டிலிருந்து எழுதியதுதான். அம்மையார் 2025-ல் காலமானார்.

இத்தனை தூரம் போவானேன்? குத்துக்கல்வலசைக்கு அருகிலேயே மத்தளம்பாறை இருக்கிறது. ஸோகோ என்ற மென்பொருள் கம்பெனி 2011-ல் அங்கே ஓர் அலுவலகம் திறந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவில் நெடுநாள் இருந்துவிட்டு, 2019 வாக்கில் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிளஸ் டூ, டிப்ளமா பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்பிக்கிற பள்ளி ஒன்றும் அந்தக் கம்பெனி வைத்திருக்கிறது. குடும்பத்தை உத்தேசித்து வேலையை விட்ட பெண்களுக்கென்றே ஒரு பயிற்சியும் அங்கே நடத்தியிருக்கிறார்கள். அதற்கு வைத்த பெயர் 'மறுபடி'. பொருத்தமான பெயர் அல்லவா?

முந்நூறு மணி நேரம்

தங்கை எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. கைக்குழந்தையை விட்டுப் போக முடியவில்லை. வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பும் இணைய இணைப்புமே அவளுக்கு மூலதனம். 'ஃப்ரீ கோட் கேம்ப்' என்ற இலவசப் பாடசாலை இணையத்தில் இருக்கிறது. குவின்ஸி லார்சன் என்பவர் 2014-ல் தொடங்கியது. அவரும் முன்னாள் ஆசிரியர். முப்பது வயதை ஒட்டித் தானாகவே நிரல் எழுதக் கற்றவர்! அங்கே ஒவ்வொரு சான்றிதழுக்கும் முந்நூறு மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். தினம் இரண்டு மணி நேரம் படித்தால் நூற்றைம்பது நாள், அதாவது ஐந்து மாதம். என் தங்கைக்கு மூன்று பாஷைக்குமாக எட்டு மாதம் பிடித்தது. குழந்தைக்கு ஜுரம் வந்த நாட்களைக் கழிக்க வேண்டாமா?

சந்தேகம் வந்தால் பார்க்க மொஸில்லா நிறுவனத்தாரின் விளக்க ஏடுகள் இருக்கின்றன. அவையும் இலவசம். செய்த பக்கத்தை உலகம் பார்க்கும்படி 'கிட்ஹப்'பில் செலவில்லாமல் ஏற்றி வைக்கலாம். வேலை கொடுக்கிறவர்கள் சான்றிதழை விட அதைத்தான் கவனமாகப் பார்க்கிறார்கள். இவ்வளவும் சும்மா கிடைக்கும்போது, "ஆயிரக்கணக்கில் கட்டுங்கள், மூன்றே மாதத்தில் வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்குமுன் சகோதரிகள் பத்து முறை யோசிப்பது நல்லது.

மாப்பிள்ளை பெயர் எங்கே?

அவள் முதன் முதலில் செய்தது, கணவரின் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை. லேப்டாப்பில் பார்க்க வெகு அழகு. மாமியார் தம்முடைய போனில் திறந்து பார்த்தாராம்.

"ஏ தாயி, இந்தச் சவத்துல மாப்பிள்ள பேரு பாதிதான் இருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

பெரிய திரையில் அடங்கிய தமிழ் வார்த்தை, கையகலப் போனில் எல்லை தாண்டி ஓடிவிட்டது. 'நிச்சயிக்கப்பட்டிருக்கிறபடியால்' என்பது போன்ற நம் வார்த்தைகளின் நீளத்தை மற்ற தேசத்தார் கண்டார்களா? வரிகளை நெருக்கி வைத்ததில், 'கீ'யின் கொண்டையும் 'றி'யின் வளைவும் மேலே நறுக்குண்டு போயிருந்தன. ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி விட்டதில் வார்த்தைகள் பல்லிளித்தன. வெளிர்ச் சாம்பல் நிற எழுத்து மாமியாரின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"அன்றைக்கு ராத்திரி அழுதேன், அக்கா. ஆனால் அந்த நாலு தப்பைத் திருத்தினதில்தான் நிஜமாகவே படித்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் செய்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் பரீட்சை அதிகாரி மாமியார்தான். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வர வேண்டும். பொத்தான் கட்டை விரலுக்குச் சிக்க வேண்டும். திருநெல்வேலிக் கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்ததும் இந்தக் கதைதானாம்.

நான் விடவில்லை. "இப்போது செயற்கை அறிவு என்று ஒன்று வந்திருக்கிறதே, சொன்னால் அதுவே பக்கத்தை எழுதிவிடுகிறதாமே. உனக்கு யார் வேலை தருவார்கள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பயம் எனக்கும் உண்டு, அக்கா. கற்றுக்குட்டி வேலைகளை அது வெகு சீக்கிரம் செய்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான். அதே பத்திரிகையை அதையும் செய்யச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் செய்தது. 'கீ'யின் கொண்டையை அதுவும் நறுக்கியது. எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாக ஆக முடியுமா என்றுதான் பார்க்கிறேன்."

அவள் அலட்டிக்கொள்ளவில்லை, மழுப்பவும் இல்லை. கணக்கு டீச்சர் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி, தன் நிலைமையைத் தானே திருத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும், "ஏம்மா, நீயே சொல்லு, இவ எங்க போகட்டும்?" என்று மாமியார் என்னைக் கேட்டார். நான் தயங்கினேன். மாதாமாதம் வருகிற சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலை நாலு மணி வெளிச்சத்தையும் நான் பார்த்திருந்தேனே.

"ஆறு மாதத்துக்கு வீட்டுச் செலவு தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்" என்றேன். போட்டார்கள். மாப்பிள்ளை பென்சிலை எடுத்தார், தங்கை கூட்டினாள். பால் சீட்டு, பள்ளிக் கட்டணம், நகைச் சீட்டு எல்லாம் வந்தன. நகைச் சீட்டை நிறுத்தினால் தாங்கும் என்று தெரிந்தது. மாமியார் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "அந்த ரெண்டு நாளும் பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, மரியாதையாக மறுத்தாள். போனை வைத்தபோது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சென்னைக்கு ரயில் ஏறும்போது கேட்டேன்: "நான் கற்றுக்கொள்ள முடியுமாடி?"

"ஏன் முடியாது, அக்கா? முதலில் நாலு மணிக்கு எழுந்திருக்கப் பழகு" என்றாள்.

இப்போது நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன்.